கண் ஓடுகிறது, காது நிற்கிறது

வி.ஆர். (மெய்நிகர் உலகம்) ஹெட்செட்டில் பாதுகாப்புப் பயிற்சி பெறும் தொழிலாளிக்கு ஏன் குமட்டுகிறது? அதைத் தடுக்க நிர்வாகம் என்ன செய்ய வேண்டும்?

உருகிய எஃகு ஏறத்தாழ 1,600 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்கும். அது நிரம்பிய லேடில் எனும் கொப்பரையைத் தூக்கிக்கொண்டு ஓவர்ஹெட் கிரேன் நகரும்போது கீழே எங்கே நிற்கலாம், எங்கே நிற்கவே கூடாது? நேற்று வேலைக்குச் சேர்ந்த பையனுக்கு இதை எப்படிக் கற்றுக்கொடுப்பது? தவறு செய்து பார்த்துத் திருத்திக்கொள்கிற வேலை இல்லை இது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் உருக்காலைகள், ரோலிங் மில்கள், ரசாயன ஆலைகள், தேர்வாய் கண்டிகையின் மிச்செலின் டயர் தொழிற்சாலை, திருவள்ளூரை அடுத்த மேல்நல்லாத்தூரில் ராட்சத டம்பர் லாரிகள் செய்யும் கேட்டர்பில்லர் ஆலை என்று திருவள்ளூர் மாவட்டத்தில் எங்கே திரும்பினாலும், உயிரைப் பணயம் வைக்காமல் வேலையைக் கற்றுத்தர வழி வேண்டியிருக்கிறது.

போதாததற்கு மொழி. ஃபர்னஸ் அருகே நிற்பவர்களில் பீகார், ஒடிசா, ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள் ஏராளம். தமிழிலும் ஆங்கிலத்திலும் ஓடும் சேஃப்டி வகுப்பில் அவர்கள் வந்து உட்காருகிறார்கள், கையெழுத்துப் போடுகிறார்கள், எழுந்து போகிறார்கள். அதனால்தான் பயிற்சிக்கு வி.ஆர். ஹெட்செட் வாங்கலாமா என்று யோசிக்கும் நிறுவனங்களை நான் குறை சொல்ல மாட்டேன். உயரத்தில் கால் வழுக்கினால் என்ன ஆகும், மூடிய தொட்டிக்குள் வாயு பரவினால் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்பதையெல்லாம் சொல்லி விளக்குவதைவிடக் காட்டிவிடுவது மேல்.

ஆனால் இந்தக் கருவிக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. மாட்டிய சில நிமிடங்களில் சிலருக்குத் தலை கிறுகிறுக்கும், வாயில் எச்சில் ஊறும், வயிற்றைப் புரட்டும். பத்துப் பேர் சுற்றி நிற்கும் பயிற்சி அறையில் ஒருவர் ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு ஓடினால் மற்றவர்கள் சிரிப்பார்கள். அடுத்து உட்காருபவர் அந்தச் சிரிப்பை நினைத்துக்கொண்டே பல்லைக் கடித்துக்கொண்டு தாங்குவார். காண்ட்ராக்ட் தொழிலாளியாக இருந்தால் நிச்சயம் வாய் திறக்க மாட்டார். ‘உடம்பு சரியில்லாத ஆள்’ என்று பெயர் வாங்கினால் நாளைக்குக் கேட்டில் பாஸ் கிடைக்குமா என்ற கவலை அவருக்கு.

அப்படி அவர் அஞ்ச வேண்டிய அவசியமே இல்லை. குமட்டலுக்குக் காரணம் அவருடைய உடலின் பலவீனம் கிடையாது. சொல்லப்போனால், அவருடைய சமநிலை உறுப்பு ஒழுங்காக வேலை செய்கிறது என்பதற்கு அதுவே அத்தாட்சி.

பொன்னேரியில் நகராத ரயில்

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு மின்ரயிலில் போய் வருகிறவர்களுக்கு இது பழகிய அனுபவம். எக்ஸ்பிரஸுக்கு வழிவிட்டு நம் வண்டி பொன்னேரியில் நிற்கும். பக்கத்துத் தடத்தில் நின்றிருந்த சரக்கு ரயில் மெல்ல அசையும். நாம்தான் கிளம்பிவிட்டோம் என்று உடம்பு ஒரு நொடி நம்பிவிடும். காட்சி மட்டும் நகர்ந்தாலும் போதும், நாமே நகர்வதாக மூளை எடுத்துக்கொள்ளும். ரயிலில் அந்த மயக்கம் ஒரு நொடிதான். ஹெட்செட்டுக்குள் அது இருபது நிமிடம் நீடிக்கிறது.

நம் உள்காதில் மூன்று அரைவட்டக் குழல்கள் இருக்கின்றன. தலை திரும்பினால் அவற்றிலுள்ள திரவம் பின்தங்கி, திருப்பத்தை மூளைக்குச் சொல்லும். பக்கத்திலேயே இரண்டு சிறு பைகள். அவற்றின் சவ்வுமேல் நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் படிந்திருக்கும். முன்னால் பாய்ந்தாலும், நின்றாலும், சாய்ந்தாலும் அவை உணர்த்திவிடும். ஹெட்செட்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும்போது, ‘வண்டி போகிறது, வளைகிறது, பிரேக் பிடிக்கிறது’ என்று கண் சொல்கிறது. ‘நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருக்கிறோம்’ என்று உள்காது சொல்கிறது. இரண்டில் எதை நம்புவதென்று மூளைக்குத் தெரிவதில்லை. ஜேம்ஸ் ரீசன், ஜோசப் பிராண்ட் ஆகிய இருவரும் 1975-ல் விரிவாக முன்வைத்த இந்தப் புலன் முரண்பாட்டுக் கொள்கைதான் இன்றும் பரவலாக ஏற்கப்படுகிறது. உள்காதின் சமநிலை உறுப்பு செயலிழந்தவர்களுக்குப் பயணக் குமட்டல் வருவதில்லை என்பது இதற்கு வலுவான ஆதாரம். காது கேளாதோரில் பலருக்குத் தலைசுற்றலே வருவதில்லை என்று வில்லியம் ஜேம்ஸ் 1882-லேயே எழுதிவைத்தார்.

சரி, குழம்பினால் குழம்பட்டும். வயிறு ஏன் புரள வேண்டும்? மிஷெல் ட்ரீஸ்மன் 1977-ல் ஒரு கருதுகோளைச் சொன்னார். கண்ணும் சமநிலை உணர்வும் ஒத்துப்போகாத நிலை இயற்கையில் பெரும்பாலும் நஞ்சு உண்டபோதுதான் வரும். ஆகவே மூளை வயிற்றைக் காலி செய்யச் சொல்கிறது என்றார். இது நிரூபிக்கப்பட்டுவிட்டதாகச் சொல்ல முடியாது. குமட்டலுக்கு முன் உடலின் நிலைத்தன்மை குலைவதுதான் மூலகாரணம் என்று 1991-லிருந்து வேறொரு தரப்பும் வாதிட்டு வருகிறது. பயிற்சி கொடுப்பவர் எந்தக் கொள்கையை நம்பினாலும் செய்ய வேண்டிய காரியம் அநேகமாக ஒன்றுதான்.

இன்றைய வி.ஆர். ஹெட்செட்டுகள் வருவதற்கு அரை நூற்றாண்டு முன்பே இந்தத் தொல்லை பதிவாகிவிட்டது. அமெரிக்காவில் ஹெலிகாப்டர் ஓட்டக் கற்றுத்தரும் சிமுலேட்டரில் அமர்ந்தவர்களுக்குக் குமட்டல் வந்ததை 1957-ல் ஹாவ்ரன், பட்லர் என்ற இருவர் அறிக்கையாக எழுதினார்கள். தொடர்ந்து வந்த ஆய்வில் தெரிந்த விஷயம் இன்னும் முக்கியமானது: புது மாணவர்களைவிட, நிஜ ஹெலிகாப்டரில் பல மணிநேரம் பறந்த பயிற்றுநர்களே அதிகம் அவதிப்பட்டார்கள். எந்தத் திருப்பத்தில் உடம்பு எப்படிச் சாய வேண்டும் என்று அவர்களுக்கு அத்துப்படி. அது நடக்காதபோது முரண்பாடு அவர்களுக்குத்தான் பெரிதாகத் தெரியும். இருபது வருஷம் கிரேன் ஓட்டிய அண்ணன் ஒருவர் கிரேன் சிமுலேட்டரில் உட்கார்ந்து ஐந்தே நிமிடத்தில் தலையைப் பிடித்துக்கொண்டால், அதைப் பார்த்துச் சிரிக்கும் அப்ரண்டிஸ் பையன்களிடம் இந்தக் கதையைச் சொல்ல வேண்டும்.

வாங்கும்போதே பாதி நோய் தீரும்

குமட்டலைத் தடுக்கும் வழிகள் என்று தேடினால் இஞ்சி மிட்டாய், எலுமிச்சம்பழம், மணிக்கட்டுப் பட்டை என்றுதான் முதலில் கண்ணில் படும். எல்லாம் தொழிலாளியின் தலையில் பொறுப்பைக் கட்டுகிற யோசனைகள். என் கணிப்பில், தடுப்பின் பெரும்பகுதி கொள்முதல் உத்தரவில் கையெழுத்துப் போடும் மேசையில் இருக்கிறது.

இதில் சென்னைக்கு நேரடித் தொடர்பு உண்டு. இன்றைய ஹெட்செட் அலையைத் தொடங்கிவைத்த ஆக்குலஸ் நிறுவனத்தின் ஆரம்ப நாட்களில் தலைமை விஞ்ஞானியாக இருந்தவர் ஸ்டீவன் லாவால். தலை எந்தப் பக்கம் எவ்வளவு திரும்பியது என்பதைக் கணித்துப் படத்தை உடனுக்குடன் மாற்றும் முறையை உருவாக்கிய குழுவில் முக்கியமானவர். அவர் 2015-ல் சென்னை ஐ.ஐ.டி.யில் வருகைதரு பேராசிரியராக வி.ஆர். பாடம் நடத்தினார். அந்த வகுப்புகள் என்.பி.டி.இ.எல். இணையப் பாடத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பிறகு அவர் எழுதிய பாடநூலும் இணையத்தில் இலவசம். நன்றாக இயங்கும் கருவி என்பது மனிதனின் கண், காது, மூளை மூன்றையும் தெரிந்துகொண்டு வடிவமைக்கப்பட்டதாக இருக்க வேண்டும் என்பதே அவர் பாடத்தின் அடிநாதம். பயிற்சித் துறைக்குப் பொறுப்பானவர்கள் ஹெட்செட் விற்க வருபவரைச் சந்திக்கும் முன் அதில் ஓரிரு வகுப்புகளையாவது பார்த்துவிடலாம்.

விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது தாமதத்தைப் பற்றி. தலை திரும்பிய கணத்திலிருந்து புதுப் படம் கண்ணை எட்டும்வரை ஆகும் நேரம் 20 மில்லி விநாடியைத் தாண்டக் கூடாது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட அளவு. நிஜ உலகில் தலை திரும்பினால் சுமார் 10 மில்லி விநாடிக்குள் கண்விழி எதிர்ப்பக்கம் நகர்ந்து பார்வையை நிலைநிறுத்திவிடும். படம் பின்தங்கினால் உலகமே தளும்புவதுபோல் இருக்கும். 2013-ல் மென்பொருள் உருவாக்குபவர்களுக்காக வந்த ஆக்குலஸின் முதல் ஹெட்செட் விநாடிக்கு 60 படங்களே காட்டியது. 2016-ல் கடைக்கு வந்தது 90 காட்டியது. கருவி 90 காட்டும் திறன் உள்ளதாக இருந்தாலும், கனமான மென்பொருளை ஏற்றினால் படம் விட்டுவிட்டு வரும். எனவே பெட்டியில் அச்சிட்ட எண்ணை நம்பாமல், வாங்கப்போகும் பயிற்சியையே ஓட்டிப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, கருவி தலையின் திருப்பத்தை மட்டும் கவனிக்கிறதா, நகர்வையும் கவனிக்கிறதா? செல்போனைச் சொருகி மாட்டும் மலிவு விலைக் கண்ணாடிகளில் திருப்பம் மட்டும்தான். குனிந்து வால்வைப் பார்க்கலாம் என்று தொழிலாளி முன்னால் சாய்ந்தால், வால்வும் அதே அளவு விலகிப்போகும். சாதாரண 360 டிகிரி வீடியோவிலும் இதே குறை. அதுவும் நகரும் கிரேனிலோ ஃபோர்க்லிஃப்டிலோ கேமராவைக் கட்டி எடுத்த வீடியோ என்றால் எனக்குத் தெரிந்தவரை அதைவிட நிச்சயமாகக் குமட்ட வைக்கும் பண்டம் வேறில்லை. எடுக்கச் செலவு குறைவு என்பதாலேயே அப்படிப்பட்டவை பயிற்சிப் படமாக விற்பனைக்கு வருகின்றன. நிறுத்திவைத்த கேமராவில் எடுத்த 360 டிகிரி வீடியோவால் பெரிய கெடுதல் இல்லை, உட்கார்ந்து பார்க்கலாம்.

மூன்றாவது, மென்பொருளுக்குள் ஆள் எப்படி நகர்கிறார் என்பது. பொத்தானை அழுத்தினால் வழுக்கிக்கொண்டே போவது மோசமான முறை. போக வேண்டிய இடத்தைக் காட்டியதும் சட்டென அங்கே சேர்ப்பது நல்லது. மெதுவாகச் சுழலாமல் முப்பது டிகிரி, முப்பது டிகிரியாகத் தாவித் திரும்புவதும் அப்படியே. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஃபெர்னாண்டஸ், ஃபைனர் இருவரும் 2016-ல் ஒரு நுட்பத்தைச் சோதித்தார்கள். நகரும் நேரத்தில் மட்டும் காட்சியின் ஓரங்களை மெல்ல இருட்டாக்கி, நின்றதும் திரும்ப விரித்துவிடுவது. ஓரப் பார்வையில் ஓடும் காட்சிதான் நகர்கிற மயக்கத்தை அதிகம் தருகிறது என்பதால் இது பலித்தது. இருட்டாவதைப் பயனாளர்களில் பெரும்பாலோர் கவனிக்கவே இல்லை. கூகுள் எர்த் வி.ஆரில் இந்த வசதி உண்டு. 2015-ல் பர்டூ பல்கலைக்கழகத்தினர் காட்சியின் நடுவே ஒரு மூக்கை வரைந்துவைத்தார்கள். நிஜ மூக்கு எப்போதும் நம் பார்வையின் ஓரத்தில் அசையாமல் இருப்பதுபோல. அதுவும் ஓரளவு உதவியது. கிரேன் கேபினின் ஜன்னல் சட்டம், வண்டியின் டேஷ்போர்டு போன்றவை இதே வேலையைச் செய்யும். கண் பற்றிக்கொள்ள அசையாத ஏதோ ஒன்று வேண்டும்.

கண்ணுக்கும் கண்ணுக்கும் நடுவே

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். பெண்கள் ஏராளமாக வேலை செய்யும் தொழிற்சாலைகளில் இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இரண்டு கருவிழிகளுக்கு இடையிலான தூரம் ஆளுக்கு ஆள் மாறும். வயது வந்தவர்களின் சராசரி ஏறத்தாழ 63 மில்லிமீட்டர். பெண்களுக்குச் சராசரியாகச் சற்றுக் குறைவு. ஹெட்செட்டின் இரு வில்லைகளும் அந்தத் தூரத்துக்குப் பொருந்தாவிட்டால் கண் கடுக்கும், தலை வலிக்கும், குமட்டும். பெண்களுக்கு வி.ஆர். ஒத்துக்கொள்ளாது என்று நீண்ட நாட்களாகச் சொல்லப்பட்டது. கே ஸ்டேனியும் அவருடன் ஆய்வு செய்தவர்களும் 2020-ல் வெளியிட்ட கட்டுரை, கோளாறு பெண்களின் உடலில் இல்லை, அவர்களுக்குப் பொருந்தாத கருவியில் இருக்கிறது என்று காட்டியது. பொருத்தம் சரியாக இருந்த பெண்கள் ஆண்களைப் போலவே தாங்கினார்கள்.

ஒரே ஹெட்செட்டை வரிசையாக முப்பது பேருக்கு மாட்டிவிடும் இடத்தில் ஒவ்வொருவருக்கும் வில்லையை நகர்த்திச் சரிசெய்ய ஒரு நிமிடம் ஆகும். அந்த ஒரு நிமிடத்தை மிச்சம்பிடிக்கப் போய்த்தான் பல பேருக்குத் தலைவலி வருகிறது. கண் டாக்டரிடம் அளவெடுத்த தாளோ, ஆப்டிகல் கடையில் அளந்த எண்ணோ இருந்தால் அதையே ஊழியரின் பயிற்சிப் பதிவேட்டில் எழுதிவைத்துவிடலாம். மூக்குக்கண்ணாடி போட்டவரைக் கழற்றச் சொல்லக் கூடாது. கண்ணாடியோடு மாட்ட இடம் தரும் ஹெட்செட் வாங்க வேண்டும். முகத்தில் படும் பஞ்சு உறையை ஒவ்வொருவருக்குப் பிறகும் துடைக்க வேண்டும். முந்தைய ஆளின் வியர்வை நாற்றமே பாதிப் பேருக்கு வயிற்றைப் புரட்டிவிடும்.

பயிற்சி அறையில்

ஒரு ஃபேன் போடுங்கள், பயிற்சி பெறுபவரின் முகத்துக்கு நேராக. எளிய யோசனை என்று ஒதுக்க வேண்டாம். முகத்தில் படும் காற்றோட்டம் காட்சியால் வரும் குமட்டலைக் குறைக்கிறது என்று 2017-ல் ஆய்வில் பதிவாகியிருக்கிறது. இருக்கையை அதிரவைத்துப் பார்த்ததில் அப்படிப் பலன் தெரியவில்லை. மே மாதத்துத் தகர ஷெட்டில் ஒதுக்குப்புறமாக ஒரு மூலையைப் பயிற்சிக்குத் தருவது, காசைக் கொட்டி வாங்கிய கருவியை வீணாக்குகிற வேலை. மனசுக்குப் பிடித்த பாட்டு ஒலித்தால்கூடக் குமட்டல் குறைகிறது என்று 2014-ல் கண்டார்கள். எச்சரிக்கை ஒலியைக் கவனிக்க வேண்டிய பயிற்சியில் அதற்கு இடமில்லை என்றாலும், முதல்முறை பழகிக்கொள்ளும் நேரத்தில் பாட்டு ஓடலாம்.

நைட் ஷிஃப்ட் முடித்தவரை காலை எட்டு மணிக்குப் பிடித்து உட்கார வைக்கவே கூடாது. தூக்கமின்மை, சளி, காய்ச்சல், வயிற்றுக் கோளாறு, ஒற்றைத் தலைவலி, முந்தின நாள் குடியின் மிச்சம் எதுவாக இருந்தாலும் அன்றைக்கு வேண்டாம் என்று கருவி தயாரிப்பாளர்களே எச்சரிக்கிறார்கள். வெறும் வயிறும் கூடாது, சாப்பாடு முடித்த கையோடும் கூடாது. முதல் தடவை ஐந்து நிமிடம் போதும். மறுநாள் பத்து. உடம்பு பழகும். கடலுக்குப் போகத் தொடங்கும் ஆள் பல தடவை போய்வந்த பிறகு அலை ஒத்துக்கொள்வதைப் பழவேற்காட்டுப் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் வாந்தி வரும்வரை தாங்கினால்தான் பழகும் என்பது தவறு. அப்படித் தாங்கினால் அடுத்த முறை ஹெட்செட்டைப் பார்த்ததுமே குமட்டும். லேசாக ஆரம்பித்ததுமே கழற்றுவதுதான் பழக்கும் வழி.

லேசாக ஆரம்பித்ததை எப்படிக் கண்டுபிடிப்பது? கேட்க வேண்டும். நிமிடத்துக்கு ஒருமுறை, ‘பூஜ்யத்திலிருந்து இருபதுக்குள் எவ்வளவு?’ என்று வாய்விட்டு எண் சொல்லச் செய்யும் ஓர் அளவுகோல் 2011-லிருந்து ஆய்வுக்கூடங்களில் பயன்பாட்டில் இருக்கிறது. தமிழிலோ இந்தியிலோ ஒடியாவிலோ எண் சொல்ல எல்லோருக்கும் வரும். எண் ஏறத் தொடங்கினால் நிறுத்திவிடலாம். ‘எனக்கு முடியல சார்’ என்று கூச்சத்தோடு சொல்ல வேண்டிய நிலை தொழிலாளிக்கு வராது. கூடவே ஆளையும் கவனிக்க வேண்டும். மேலுதட்டில் குளிர்ந்த வியர்வை, அடிக்கடி எச்சில் விழுங்குவது, ஏப்பம், பேச்சு நின்றுபோவது. கொட்டாவியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காரணமில்லாத தூக்கக் கலக்கமும் இந்த நோயின் அறிகுறிதான் என்று 1976-லேயே கிரேபியல், நெப்டன் என்ற மருத்துவ ஆய்வாளர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். கொட்டாவி விடுகிறவரை, ‘கவனம் இல்லையா?’ என்று அதட்டும் சூப்பர்வைசர், உதவி தேவைப்படும் ஆளைத் திட்டிக்கொண்டிருக்கிறார். உயரத்தில் நிற்கும் காட்சியில் உள்ளங்கை வியர்ப்பதும் நெஞ்சு படபடப்பதும் வேறு, அது பயம். கீழே இறங்கும் காட்சி வந்ததும் அடங்கிவிடும். குமட்டல் அப்படி அடங்காது.

பஸ் பயணத்துக்கு முன் அவோமின் மாத்திரை போட்டுக்கொள்ளும் பழக்கம் நம்மிடம் உண்டு. கம்பெனி முதலுதவிப் பெட்டியிலிருந்து அதை எடுத்துக் கொடுத்துவிட்டு ஹெட்செட் மாட்டலாம் என்று யாருக்காவது தோன்றலாம். தயவுசெய்து வேண்டாம். அதிலுள்ள புரோமெத்தசின் தூக்கத்தை வரவழைக்கும் மருந்து. அதைப் போட்டவர் அன்றைக்கு எந்த மெஷின் பக்கமும் போகக் கூடாது, வண்டியும் ஓட்டக் கூடாது. பாதுகாப்புப் பயிற்சிக்காக ஒருவரைத் தூக்கக் கலக்கத்தில் ஷாப் ஃப்ளோருக்கு அனுப்புவது எந்த வகையிலும் சரியாகாது.

கழற்றிய பிறகு

எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான். ஹெட்செட்டுக்குள் இருக்கும்போது மூளை அந்தப் பொய் உலகத்துக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்கிறது. கழற்றியதும் உடனே பழைய நிலைக்குத் திரும்பிவிடுவதில்லை. நிற்கும்போது தள்ளாட்டம், கையை நீட்டிப் பொருளைப் பிடிக்கும்போது சின்னத் தடுமாற்றம், தலை கனம் ஆகியவை சிலருக்குச் சில மணிநேரம்வரை நீடிக்கும். சிமுலேட்டரில் பறந்த விமானிகளை அதற்குப் பிறகு பல மணிநேரம் நிஜ விமானம் ஓட்ட விடாத விதிமுறைகள் ராணுவங்களில் உண்டு. நம் தொழிற்சாலைகளிலோ காலை பயிற்சி முடிந்ததும் நேராக ஏணி, நேராக கிரேன், நேராக கிரைண்டர். மாலை பயிற்சி என்றால் நேராக பைக். துறைமுகக் கன்டெய்னர் லாரிகளும் டேங்கர்களும் ஓடும் கொல்கத்தா நெடுஞ்சாலையில் கவரைப்பேட்டை, தச்சூர் வழியாக வீடு திரும்புகிறவருக்கு ஒரு கணத் தடுமாற்றமே அதிகம்.

ஆகவே பயிற்சியின் நேரத்தைக் கணக்கிடும்போது கழற்றிய பிறகான ஓய்வையும் அதில் சேர்க்க வேண்டும், சம்பளத்தோடு. நடந்து பார்க்க, தண்ணீர் குடிக்க, டீ சாப்பிட. லேசாகக்கூட அறிகுறி இருந்தவரை அன்றைக்கு உயரத்திலோ நகரும் இயந்திரத்திலோ நிறுத்தாமல் வேறு வேலை தர வேண்டும். வீட்டுக்குப் போவதாக இருந்தால் கம்பெனி பஸ்ஸில் அனுப்ப வேண்டும். ஷிஃப்ட்டின் நடுவில் கிடைக்கும் சந்தில் பயிற்சியைச் செருகும் ஏற்பாட்டில் இதற்கெல்லாம் வழியில்லை. அதனாலேயே அந்த ஏற்பாட்டை நான் எதிர்க்கிறேன்.

எல்லாம் செய்த பிறகும் சிலருக்கு இது ஒத்துக்கொள்ளாது. ஒற்றைத் தலைவலி உள்ளவர்களும் பஸ்ஸிலேயே சிரமப்படுகிறவர்களும் அவர்களில் அதிகம் இருப்பார்கள். வலிப்பு வந்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் மாட்டவே கூடாது. இவர்களுக்கு அதே பாடத்தைப் பெரிய திரையில் காட்டலாம். நிஜ வால்வு, நிஜ பெல்ட், மணல் நிரப்பிய லேடில் கொண்டு ஷெட்டுக்குள்ளேயே செய்து காட்டலாம். பயிற்சிப் பதிவேட்டில் அவர்கள் பெயருக்கு எதிரே ‘தேர்ச்சி இல்லை’ என்று விழக் கூடாது. மதிப்பெண் ஒருவர் எந்த வால்வை முதலில் மூடினார் என்பதற்குத்தான்.